இறக்கையில்லாத குளவியோடு மீமிசலில் ஒரு பகல்

1962 மாசியில் ஒரு சனிக்கிழமை, நானும் ஆத்தாவும் கீரனூரிலிருந்து மீமிசலுக்குப் போய் வந்தோம். கடல் பார்க்க அல்ல, குளவி பிடிக்க.

பாலைவனங்களிலும் வறண்ட மணலிலும் வாழும் ஒரு குளவிக் குடும்பம்தான் என் எம்.எஸ்ஸி. ஆய்வு. ஆணுக்கு இறக்கை உண்டு. பெண்ணுக்குக் கிடையாது, ரோமம் முளைத்த எறும்பு போலிருக்கும். மீமிசல் மணலில் பிடித்த ஆணும் பெண்ணும் எங்கள் கல்லூரியில் இரண்டு இனங்களாக, இரண்டு பெட்டிகளில் கிடந்தன. இரண்டும் ஒரே இனம் என்று நான் எழுதியிருந்தேன்.

"ஜோடியாப் பிடிச்சிட்டு வாம்மா. இல்லேன்னா அந்த அத்தியாயத்தை எடுத்துடு" என்றார் பேராசிரியர்.

விடியற்காலை முதல் பஸ். புதுக்கோட்டையிலும் அறந்தாங்கியிலும் மாற வேண்டும். அறந்தாங்கியில் கண்டக்டர் என் கையிலிருந்த புட்டியைப் பார்த்துவிட்டார்.

"என்னம்மா அது?"

"பூச்சி கொல்ற விஷம்ங்க."

"ஆளு ஏறுற பஸ்ஸும்மா இது! அங்கிட்டு கடையில குடுத்துட்டு ஏறுங்க."

எனக்கு எதிர்த்துப் பேச வராது. சோடாக் கடையில் கொடுத்துவிட்டு ஏறினேன். பாதி வேலை போயிற்று என்று வழியெல்லாம் கலக்கம்.

மீமிசலில் கருவாடு காயும் இடத்தைத் தாண்டினால் மணல்மேடு. வெகுநேரம் தேடி ஒரு பெண் குளவியைப் பிடித்தேன். புட்டி இல்லாததால் ஆத்தா கொண்டுவந்த காப்பி வடிகட்டும் துணியில் உயிரோடு முடிந்துவைத்தேன். கருவாடு புரட்டிக்கொண்டிருந்த அம்மாள் எட்டிப் பார்த்தார்.

"எறும்பையா கட்டி வச்சிருக்கீங்க?"

"குளவியாம் தாயி" என்றாள் ஆத்தா.

"அப்ப றெக்கை எங்க?"

"அது புருசன்கிட்ட இருக்காம்!"

இருவரும் சிரித்து ஓய்வதற்குள் ஓர் ஆண் பறந்து வந்து துணியைச் சுற்றியது. பிறகு இன்னொன்று.

"இந்தா, மாப்பிள்ளை வந்துட்டாருல்ல!" என்றாள் ஆத்தா.

முடிச்சைத் தளர்த்தினேன். ஆண் உள்ளே நுழைந்து பெண்ணோடு சேர்ந்தது. ஆத்தாவின் காப்பி டம்ளரால் மூடினேன்.

பெண்ணைக் கண்டதும் புட்டியில் போட்டுக் கொல்வதுதான் எங்கள் வழக்கம். செத்த பெண்ணைத் தேடி எந்த ஆண் வரும்?

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். குடிதண்ணீர் கொண்டு போங்கள். மாலை பஸ்ஸைத் தவறவிட்டால் திரும்ப வழியில்லை. பெண் குளவியை வெறுங்கையால் தொடாதீர்கள், கடுமையாகக் கொட்டும். பெண்ணைப் பிடித்ததும் விஷப்புட்டியை அவசரப்பட்டுத் திறக்காதீர்கள்.

அறந்தாங்கிக் கடையில் என் புட்டி பத்திரமாக இருந்தது. அன்றிரவு ஜோடியை அதில் போட்டுக் கொன்று, ஒரே ஊசியில் குத்தி வைத்தேன். இனி அவற்றை இரண்டு பெட்டியில் போட முடியாது.