நாய் வீட்டில் அன்பியக் கூட்டம்

எங்கள் தெருவில் மாதம் ஒரு வீட்டில் சர்ச்சின் அன்பியக் கூட்டம் நடக்கும். தெருக்காரர்கள் கூடி ஜெபமாலை சொல்லி, பாட்டுப் பாடி, டீ குடித்துவிட்டுப் போவார்கள். முறை வைத்துத்தான் வீடு மாறும். எங்கள் முறையை மட்டும் தாண்டிவிடுவார்கள். இடம் பத்தாதாம். எங்களுடையதைவிடச் சின்ன வீட்டில் எல்லாம் நடந்திருக்கிறது.

காரணம் எனக்குத் தெரியும். இரண்டு நாய், ஒரு பூனை, வீடு முழுக்க வீச்சம். கூட்டத்தை நடத்துகிற பக்கத்து வீட்டு அம்மா எங்கள் வாசலில் நின்றால் முந்தானையை மூக்கில் வைத்துக்கொள்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கூட்டம் வராவிட்டால் எனக்கு ஒன்றும் குறையில்லை. என் மனைவிக்குத்தான் ஏக்கம். எல்லார் வீட்டிலும் டீ குடித்தவள், தன் கையால் ஒரு தடவை கொடுத்ததில்லை.

போன ஆடியில் அவளே போய்க் கேட்டுவிட்டாள். அந்த அம்மா என்னிடம் வந்து சொன்னார்: "வர்றோமுங்ணா. ஆனா அன்னிக்கு மட்டும் அந்த நாய்ங்கள எங்கியாச்சும் உட்டுட்டு வந்துருங்க."

நான் சும்மாவா இருந்தேன்? நாய்களைக் குளிப்பாட்டினேன். எங்கள் மலையின் ஆடி மூடுபனியில் அதுகள் காயவே இல்லை, இன்னும் நாறின. யூகலிப்டஸ் தைலம் ஊற்றித் துடைத்தேன். தைலக் கடைக்குள் நாய் செத்த மாதிரி இருந்தது. வேறு வழியில்லாமல் கூட்டத்துக்கு நாலு நாள் முன்னாலேயே இரண்டையும் ஜீப்பில் ஏற்றி, பக்கத்து ஊர் வாழவந்தியில் மச்சான் வீட்டில் கட்டிவிட்டு வந்தேன்.

மறுநாள் காலையில் கதவைத் திறந்தால் அதே நாற்றம்.

"ஏம்புள்ள, நாயே இல்ல. நாத்தம் எங்கிருந்து வருது?"

"நீங்கதானோ என்னமோ" என்றாள்.

கோபத்தில் முட்டி போட்டுத் தரையை மோந்துகொண்டே போனேன். கதவு மூலையில் பிடிபட்டது. காப்பிச் சாக்கு. எஸ்டேட்டில் ஜீப் ஓட்டியவன் வீட்டில் சாக்குக்கா பஞ்சம்? கால் துடைக்கச் சாக்கு, நாய் படுக்கச் சாக்கு. இந்த மலையில் எல்லார் வீட்டிலும் அப்படித்தான். சாக்கை யார் துவைப்பார்கள்? கிழிந்தால் அதன்மேலேயே புதிதைப் போடுவோம். மெத்தை கனத்துக்கு இருந்தது. பனி ஈரம், நாயின் ஈரம், பூனை மூத்திரம் எல்லாம் அதில் ஊறிப் புளித்துக் கிடந்தன. இது தெரியாமல் நான் நாயைப் போட்டுத் தேய்த்திருக்கிறேன்.

எல்லாவற்றையும் இழுத்துக் குப்பைக்குழியில் போட்டேன். தரையைத் தேய்த்துக் கழுவி, வினிகர் கலந்த தண்ணீரில் துடைத்து, மத்தியானம் கொஞ்சம் வெயில் எட்டிப் பார்த்த நேரத்தில் ஜன்னல்களைத் திறந்து வைத்தேன். சாயங்காலம் வீட்டில் ஒரு வாடையும் இல்லை.

மனைவி வெறும் மூலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அதுங்க என்ன பாவம் பண்ணுச்சுங்க? போய்க் கூட்டிட்டு வாங்க."

"கூட்டம்?"

"வர்றவங்க வரட்டுமுங்க."

கூட்டி வந்தேன். இப்போது அதுகளுக்குப் படுக்கை என் பழைய வேட்டி. துவைத்து அடுப்புக்கு மேலே கொடி கட்டிக் காயவைக்கிறோம். வெளியே போய்விட்டு வந்தால் காலையும் வயிற்றையும் துண்டால் துடைத்த பிறகுதான் உள்ளே விடுவேன். பனிக்காலத்தில் குளியல் கிடையாது, சீப்புதான். பூனைக்குத் தட்டில் மணல், தினமும் மாற்றுகிறேன். அவ்வளவுதான். இதற்கா இத்தனை வருஷம் அவமானப்பட்டோம்!

கூட்டத்தன்று அந்த அம்மா முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டே உள்ளே வந்தார். மெல்ல எடுத்தார். "பாருங்ணா, நாய அனுப்புனதும் ஊடு எப்புடி நொம்ப சுத்தமா இருக்குது!"

கறுப்பு நாய் அவருடைய நாற்காலிக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்தது. சொல்லிவிடாதீர்கள் என்பதுபோல் மனைவி என்னை முறைத்தாள். என் வாய்க்கு நான் பூட்டுப் போட்டது அன்றைக்குத்தான்.

ஜெபமாலை முடிந்து எல்லாரும் மௌனமாக இருந்தபோது கொர்ரென்று சத்தம். அந்த அம்மா கண்ணைத் திறக்காமலே, "யாருங்க அது கொறட்டை உடறது?" என்றார்.

"உங்க காலுக்கடியில பாருங்கக்கா" என்றாள் மனைவி.

காலைத் தூக்கிக்கொண்டு அவர் போட்ட கூச்சலில் தெருவே சிரித்தது. பிறகு குனிந்து மோந்து பார்த்தார். "நெசமாலுமே நாறலீங்க" என்றார், ஏமாந்து போன மாதிரி. பிஸ்கட்டில் பாதியை உடைத்து அதற்குப் போட்டார்.

என் மனைவி எல்லாருக்கும் இரண்டாம் தடவை டீ ஊற்றினாள். போதும் என்றவர்களையும் விடவில்லை.