சீருடையைக் கழற்றுமுன்

கடற்படையை விட்டு விலகுமுன்பே காயத்துக்கான கொடுப்பனவைக் கேட்டுவிட வேண்டும். சீருடையைக் கழற்றிவிட்டு வந்து நின்றால் வாசற்காவலாளிகூட உள்ளே விடமாட்டான். எனக்கு இதைச் சொன்னவர்கள் எல்லாரும் கேட்காமல் விட்டு ஏமாந்தவர்கள். அதனால், விலகும் நாள் தெரிந்ததுமே முகாம் அலுவலகத்துக்குப் போனேன். அறுபதுகளின் நடுப்பகுதி அது.

என் இடது முழங்கால் மடங்காது. திருகோணமலைத் துறைமுகத்தில் ஒரு மழைநாளில் கப்பலொன்றை இறங்குதுறையில் கட்டிக்கொண்டிருந்தோம். முறுகி நின்ற வடம் அறுந்து வந்து முழங்காலில் அடித்தது. கண் விழித்தபோது ஆஸ்பத்திரியில் கிடந்தேன்.

அலுவலக லிகிதர் கோப்பைப் புரட்டினார். “இது உதைபந்து விளையாடேக்க பட்ட காயமெண்டு கிடக்கு.”

“நான் பந்தே விளையாடினதில்ல.”

“அது எனக்குத் தெரியாது. விளையாட்டுக் காயத்துக்கு ஒண்டும் குடுக்க ஏலாது.”

அன்று கப்பலில் கடமையிலிருந்த அதிகாரிதான் அப்படி எழுதியிருந்தார். உக்கிய பழைய வடம் அறுந்தது என்று எழுதினால் விசாரணை வரும், அவர் எதிர்பார்த்திருந்த கொழும்பு மாற்றம் நின்றுபோகும். அவருக்கு மாற்றம் கிடைத்தது. எனக்கு நொண்டல் கிடைத்தது. அந்த லிகிதரின் மேசையைக் கவிழ்க்க வேண்டும்போல இருந்தது. காயத்தைச் சோதிக்கும் மருத்துவச் சபை முன் என்னை நிறுத்தும்வரை எந்த விலகல் கடதாசியிலும் கையெழுத்து வைக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சாட்சி வேண்டும் என்றார்கள். என் மனைவியின் தம்பி அதே கப்பலில் வேலைசெய்தவன். என்னைத் தூக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவனே அவன்தான். விடுமுறையில் அவன் குறிஞ்சாக்கேணிக்கு வந்திருந்தபோது, காலை இழுத்துக்கொண்டு தோணியேறிக் களப்பைக் கடந்து அவன் வீட்டுக்குப் போனேன்.

“நான் ஒண்டும் பார்க்கல்ல மச்சான். சத்தம்தான் கேட்டது” என்றான்.

“உன்ட சட்டையெல்லாம் என்ட ரத்தம். சத்தம்தான் கேட்டதா?”

“எனக்குப் பதவி உயர்வு வாற நேரம். இதுக்குள்ள என்னை இழுக்காதீங்க.”

அவன் மனைவி கொண்டுவந்த தேநீரைத் தொடாமல் எழுந்தேன். வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் சொன்னேன். “இனி அவன் இந்த வாசல்ல கால் வைக்கப்படாது” என்றாள். கூடப் பிறந்தவன் என்று அவள் இரங்கவில்லை. எனக்கு அது ஆறுதலாக இருந்தது.

மருத்துவச் சபை கூடிய நாளில் தலைமை மருத்துவர் முழங்காலை விரல் நுனியால் தொட்டார். ஆங்கிலத்தில் பக்கத்திலிருந்தவரிடம், இவர்கள் விலகும்போதுதான் இவர்களுக்கு வலி வருகிறது என்றார். எனக்கு ஆங்கிலம் விளங்காது என்று நினைத்திருப்பார். “அடிபட்ட நாளிலயிருந்து வலிக்குது சேர்” என்றேன். அவர் முகம் கறுத்தது.

அடுத்ததாக, அன்று இறங்குதுறைக்குப் பொறுப்பாக இருந்தவரை உள்ளே கூப்பிட்டார்கள். அவரைக் கண்டதும் எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். பட்டினத்துப் பறங்கியர், போர்த்துக்கேய வழிவந்தவர். படையில் என்னை அவரளவுக்கு வெறுத்தவர் வேறு யாருமில்லை. பிளாஸ்டர் வெட்டி வந்த கிழமையே என்னை அணிவகுப்பில் வெயிலில் நிற்கவைத்து, எல்லாருக்கும் கேட்க “நொண்டி” என்று கூப்பிட்டவர். அவர் செத்தாலும் போய்ப் பார்ப்பதில்லை என்று எனக்குள் சத்தியம் பண்ணியிருந்தேன்.

மருத்துவர் கோப்பைக் காட்டிக் கேட்டார். பறங்கியர் அதை வாசித்துவிட்டு மேசையில் போட்டார்.

“இது பொய்” என்றார். “வடம் அறுந்து அடிச்சது. நான் பக்கத்தில நிண்டனான். அந்த வடம் உக்கிப்போச்சு, மாத்துங்கோ எண்டு முதலே சொன்னனான். ஆரும் கேக்கேல்லை.”

“அதை ஏன் அப்போதே எழுதித் தரவில்லை?”

“எழுதித் தந்தனான். அதை எங்க போட்டீங்கள் எண்டு நீங்கள்தான் தேடோணும்.”

மருத்துவர் கோப்பை மூடிவைத்தார். என்னை வெளியே போகச் சொன்னார்கள்.

விறாந்தையில் அவர் வரும்வரை காத்திருந்தேன். வந்ததும், “சேர், இந்த உதவியை…” என்று தொடங்கினேன்.

“உனக்கு ஆர் உதவி செய்தது?” என்றார். “உன்னை எனக்கு அண்டைக்கும் பிடிக்காது, இண்டைக்கும் பிடிக்காது. என்ர இறங்குதுறையில நடந்ததை ஒருத்தன் பந்தடியெண்டு எழுதினா நான் பாத்துக்கொண்டு நிக்கவோ? வழியை விடு.”

விட்டேன். சப்பாத்துச் சத்தம் விறாந்தை முழுக்கக் கேட்க நடந்து போனார். அதற்குப் பிறகும் எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. பிடிக்க வேண்டும் என்று முயன்று பார்த்தேன், முடியவில்லை.

சபை என் காயம் கடமையில் பட்டதுதான் என்று ஒத்துக்கொண்டது. ஆனால் கொடுப்பனவின் ஆகக் குறைந்த தரத்தில்தான் சேர்த்தார்கள். ஊன்றுகோல் இல்லாமல் நடக்கிறானே என்று மருத்துவர் சொன்னாராம். கௌரவத்துக்காக அன்று நான் அதை வீட்டில் விட்டுவிட்டுப் போயிருந்தேன். மேன்முறையீடு செய்தேன், பதில் வரவில்லை. கிடைத்ததை வாங்கிக்கொண்டு சீனன்குடாவில், கதிரையில் இருந்தபடியே செய்யக்கூடிய ஒரு காவல் வேலையில் சேர்ந்தேன்.

மச்சானுக்குப் பதவி உயர்வு வந்தது. அந்த வருட நோன்புப் பெருநாளைக்கு, இனிப்பாக ஒரு சட்டி வட்டிலப்பம் எடுத்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தான். என் மனைவி சட்டியை வாங்கவுமில்லை, அவனை உள்ளே கூப்பிடவுமில்லை. அவன் திரும்பிப் போவதை நான் கதிரையில் கால் நீட்டி இருந்தபடி பார்த்தேன். கூப்பிட எனக்கும் மனம் வரவில்லை.