மைக்கில் கேட்ட மூச்சு

அருள்மேரியின் முகம் அந்த ஸ்டேஷனில் பாதிப் பேருக்குத் தெரியாது. குரல் தெரியாதவர் ஒருவர்கூடக் கிடையாது. அடுத்த வண்டி எந்த பிளாட்பாரம், எது தாமதம், எது நிற்காமல் போகும் என்று தமிழில் ஒரு தடவை, இந்தியில் ஒரு தடவை, ஆங்கிலத்தில் ஒரு தடவை சொல்வதுதான் அவள் உத்தியோகம்.

எந்த ஸ்டேஷன் என்று கேட்காதீர்கள். தாம்பரத்துக்கும் பீச்சுக்கும் நடுவில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். சம்பந்தப்பட்டவர்கள் பென்ஷன் வாங்கிக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறார்கள், எனக்கு எதற்கு வம்பு? நான் அங்கே டிக்கெட் கவுண்டரில் இருந்தவள். சரோஜினி என்று பெயர். வாய் நீளம் என்று இன்னொரு பெயரும் உண்டு. அதற்காக நான் வெட்கப்பட்டதில்லை.

அருள்மேரிக்கு நேர்மாறான சுபாவம். சிட்லபாக்கத்தில் ஏரிக்குப் பின்னால் வீடு. அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். அம்மா பக்கவாதத்தில் படுத்தார். கல்யாண வயதெல்லாம் அம்மாவைப் புரட்டிப் படுக்க வைப்பதிலேயே கழிந்தது. அம்மா இறந்தபோது பம்பாயிலிருந்து தம்பி சின்னப்பன் வந்தான். அடக்கம் முடிந்த மறுநாள் வீட்டிலிருந்த தையல் மெஷினைக் கழற்றிச் சாக்கில் கட்டி எடுத்துக்கொண்டு போனான், பாவி. அக்கா தனியாக எப்படி இருப்பாள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதை இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அவள் மைக்கில் பேசுவதற்கு ஒரு முறை வைத்திருந்தாள். முதலில் மூச்சை முழுதாக உள்ளே இழுப்பாள். அப்புறம்தான் சுவிட்சைத் தட்டுவாள். மூச்சு விடுகிற சத்தம் வெளியே கேட்கக்கூடாது என்று வேலைக்குச் சேர்ந்தபோது சொல்லிக் கொடுத்திருந்தார்கள். "மைக்ல வண்டி இருக்கும், பிளாட்பாரம் இருக்கும், பயணிகள் இருப்பாங்க. நான்னு ஒரு வார்த்தை மட்டும் இருக்காது, சரோ" என்று ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தொண்ணூற்றைந்தாம் வருஷம் கோடை. பெருக்குகிற மாரி, ரெண்டாம் பிளாட்பாரம் பெஞ்சின் அடியில் ஒரு வாக்மேன் கிடந்ததாகக் கொண்டுவந்தான். குடையோ டிபன் கேரியரோ எது கிடைத்தாலும் மைக் ரூமில்தான் ஒப்படைப்பார்கள். தவறவிட்டவர் வந்து பெற்றுக்கொள்ளவும் என்று அவளும் சொல்லிப் பார்த்தாள். ஒருவரும் வரவில்லை. கிறிஸ்தவக் கல்லூரி ஹாஸ்டல் பிள்ளைகள் பரீட்சை முடிந்து மூட்டை கட்டிப் போகிற சமயம் அது. எந்த மாநிலத்துப் பிள்ளையோ, பெட்டி படுக்கையோடு இறங்கி ஏறியதில் விட்டுப்போயிருக்கும்.

உள்ளே ஒரு கேசட். மேலே ஒட்டியிருந்த தாள் உரிந்துபோயிருந்தது. சொந்தக்காரர் பெயர் எங்காவது சொல்லியிருக்கிறார்களா பார்க்கலாம் என்று பட்டனை அழுத்தியவள், அதற்குப் பிறகு அதை விடவேயில்லை.

நாங்கள் இருவரும் சாயங்காலம் ஒரே வண்டியில், லேடீஸ் கம்பார்ட்மெண்டில் போவோம். அவள் சானடோரியத்தில் இறங்குவாள், நான் தாம்பரத்தில். ஒருநாள் என் காதில் வாக்மேனின் பஞ்சு வைத்த வளையத்தை மாட்டிவிட்டாள். ஐயோ! கித்தாரா அது? எவளோ தகர டப்பாவைப் போட்டு உடைக்கிற மாதிரி இருந்தது. நடுவில் ஒரு பெண் கத்துகிறாள், அப்புறம் முணுமுணுக்கிறாள்.

"என்னடி இது கண்றாவி? இதைப் போய்க் கேக்கற?"

"பாட்டை விடு. பாட்டு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி கேளு."

"முன்னாடி என்ன இருக்கு?"

"மூச்சு."

திருப்பிப் போட்டாள். ஆமாம், இருந்தது. அந்தப் பெண் மூச்சை இழுக்கிற சத்தம். அதை வெட்டி எடுக்காமல் அப்படியே விட்டிருந்தார்கள்.

அருள்மேரி கான்வென்டில் படித்தவள். ஆனாலும் அந்த அமெரிக்க இங்கிலீஷ் உச்சரிப்பு அவளுக்கே பிடிபடவில்லை. நிறுத்தி, திருப்பி, மறுபடி ஓடவிட்டு, ஒரு வரிக்காக முழு மத்தியானத்தையும் செலவழிப்பாள். பிடிபட்டதை வண்டியில் எனக்குச் சொல்வாள். ஒரு பாட்டில் அந்தப் பெண், செத்துப்போன அம்மாவின் செருப்பைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நடக்கிறாளாம். இன்னொன்றில் ஞாயிற்றுக்கிழமை சீக்கிரம் முடியட்டும் என்று கடிகார முள்ளைத் தள்ளி வைக்கிறாளாம். ஒருத்தனை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு, அடுத்த பாட்டிலேயே தப்பு என் மேலேயும் உண்டு என்கிறாளாம். கடைசிப் பாட்டில் ராகமே இல்லை. பேசிக்கொண்டே வந்து பாதியில் நிறுத்திவிடுகிறாள். அப்புறம் வெறும் டேப் ஓடுகிற சத்தம்தான்.

"இவ்வளவையும் ஊர் அறியச் சொல்லிட்டா, சரோ. பதிலுக்கு யாரும் ஒண்ணும் சொல்லலை. நாங்க கோயில்ல பாவசங்கீர்த்தனம் பண்ணினா சாமியார் ஏதாவது ரெண்டு வார்த்தை சொல்லி அனுப்புவார்."

"அப்போ நீயும் போய் சாமியார்கிட்ட சொல்லேன், மனசுல இருக்கறதை."

"பாவத்தைத்தான் அங்க சொல்லலாம். தனியா இருக்கறது பாவம் இல்லையே. அதை எங்க போய்ச் சொல்றது?"

 

அவளுக்கு இன்னொரு பழக்கமும் தொற்றிக்கொண்டது. ஒன்றை ஒரு பாஷையில் கேட்டால் மறு பாஷையில் சொல்லி முடிக்காமல் அவள் வாய் நிற்காது. வருஷக்கணக்கில் மூன்று பாஷையில் ஒப்பித்த வாய் அல்லவா? அந்தப் பெண் ஆங்கிலத்தில் ஒரு வரி பாடினால், இவள் அதைத் தமிழில், அதே அறிவிப்புக் குரலில், சத்தமாகச் சொல்லிவிடுவாள். ரூமில் அவள் ஒருத்திதானே, கேட்க யார் இருக்கிறார்கள் என்று நானும் விட்டுவிட்டேன்.

ஜூன் மாதம், ஒரு மத்தியானம். மீனம்பாக்கம் பக்கம் சிக்னல் பழுதாகி வண்டிகள் வரிசையாக நின்றுவிட்டன. பிளாட்பாரத்தில் கால் வைக்க இடமில்லை. அருள்மேரி மூன்று பாஷையிலும் மன்னிப்புக் கேட்டாள். அடுத்த தகவல் உடனே வரும் என்று நினைத்துச் சுவிட்சை மூடாமல் விட்டாள். தகவல் வரவில்லை. வாக்மேனை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டாள். காது அடைபட்ட பிறகு வெளியே ஸ்பீக்கரில் என்ன கேட்கிறது என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

எனக்கு முதலில் கேட்டது மூச்சு. ஸ்டேஷன் முழுக்க ஒரு பெண் மூச்சை இழுக்கிற சத்தம்.

"இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. நான் கடிகாரத்தைத் தள்ளி வைத்தேன்" என்றது ஸ்பீக்கர். க்யூவில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "வெயிலு மண்டைக்கு ஏறிப்போச்சுபா" என்றான் ஒருத்தன். "அம்மாவின் செருப்பு எனக்குச் சரியாக இருக்கிறது" என்றது அடுத்து. இன்னும் சிரிப்பு. பிறகு குரல் மாறிவிட்டது. அறிவிப்புக் குரல் இறங்கி, சாயங்கால வண்டியில் நான் கேட்கிற குரல் வந்தது.

"சிட்லபாக்கத்துல எங்க வீட்டுக் கதவைத் திறந்தா உள்ள ஒரு சத்தமும் இருக்காது. சாப்பிட்டியான்னு கேக்க ஆள் இல்லை. அதனால நானே கேட்டுக்கறேன். சாப்பிட்டியா மேரி? இன்னும் இல்லை. ஏன் சாப்பிடலை? சும்மாதான்."

சிட்லபாக்கம் எப்படி அமெரிக்கப் பாட்டில் வரும்? கவுண்டரைத் திறந்தபடியே போட்டுவிட்டு ஓடினேன். பிளாட்பாரத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோரும் ஸ்பீக்கரை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். ரூமுக்குள் போய்ச் சுவிட்சை அடித்து மூடி, அவள் காதிலிருந்ததைப் பிடுங்கினேன்.

"எல்லாருக்கும் கேட்டுச்சா?" என்றாள்.

"திரிசூலம் மலைக்கே கேட்டிருக்கும்டி!"

அவள் அழவில்லை.

புகார் போகாமல் இருக்குமா? விசாரணைக்கு மேலே இருந்து பக்தவச்சலம் என்று ஒரு அதிகாரி வருவதாகச் சொன்னார்கள். எங்கள் ஸ்டேஷன் மாஸ்டர் ராஜகோபாலன் நல்ல மனிதர், பயந்த சுபாவம். அவளைக் கூப்பிட்டு மெல்லச் சொன்னார்: "முழுக்கப் பாட்டுன்னு சொல்லிடும்மா. இங்கிலீஷ் பாட்டைத் தமிழ்ல சொல்லிப் பார்த்தேன், சுவிட்சை மறந்துட்டேன்னு சொல்லு. ஒரு வார்னிங்கோட போயிடும். சொந்த விஷயம்னு சொன்னே, மைக்ல உக்கார விடமாட்டாங்க."

நானும் படித்துப் படித்துச் சொன்னேன். அவளுக்கும் மைக் வேண்டும். "அது இல்லேன்னா நாள் முழுக்க நான் வாயைத் திறக்கவே காரணம் இருக்காது, சரோ" என்று அவளேதான் சொன்னாள்.

சுவிட்சை மூடியவள் என்பதால் விசாரணையில் என்னையும் நிற்க வைத்தார்கள். பக்தவச்சலம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார், "நீங்க சொன்னது ஏதோ பாட்டாமே?"

நான் அவளையே பார்த்தேன். ஆமாம் என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் வேண்டும்.

"பாதி பாட்டு சார்" என்றாள். "கடிகாரம், செருப்பு எல்லாம் பாட்டு. சாப்பிட்டியான்னு கேட்டது பாட்டு இல்லை. அது நான்."

ராஜகோபாலன் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். வெளியே வந்ததும் எனக்கு வந்த கோபத்துக்கு அவளை உலுக்கிவிட்டேன். "பைத்தியமாடி உனக்கு? ஒரு பொய் சொன்னா குடியா முழுகிடும்?"

"வாழ்க்கையில ஒரு தடவைதான் வெளியே சொல்லியிருக்கேன். அதையும் வேற ஒருத்தி சொன்னதுன்னு சொல்லச் சொல்றியே" என்றாள்.

மைக் போயிற்று. எலியேசர் என்று ஒரு பையனை உட்கார வைத்தார்கள், எப்போதும் மூக்கடைத்த குரல். அருள்மேரியை என் பக்கத்துக் கவுண்டருக்கு மாற்றினார்கள். வாக்மேன், தவறவிட்ட குடைகளோடு சேர்ந்து தலைமை அலுவலகத்துக்குப் போய்விட்டது. கேட்டிருந்தால் மாஸ்டர் கண்டும் காணாமல் இருந்திருப்பார். அவள் கேட்கவில்லை.

கவுண்டரில் அவள் பேசவே மாட்டாள். வாயைத் திறந்தால் குரலை வைத்து அடையாளம் கண்டுகொள்வார்களே! ஊர் பெயரைக் காதில் வாங்குவாள், டிக்கெட்டைத் தேதி மெஷினில் டக்கென்று அடிப்பாள், மீதியோடு தள்ளுவாள். என்னிடம்கூடத் தலையாட்டல்தான். மூச்சை உள்ளே இழுத்துவிட்டுச் சுவிட்சைப் போடாமலே உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தாள். எனக்கு அவளைப் பார்க்கவே பொறுக்கவில்லை.

ஆடி மாதம் ஒரு மத்தியானம், கீரை விற்கிற அம்மா ஒருத்தி காலிக் கூடையோடு அவள் ஜன்னலுக்கு வந்தாள்.

"பார்க் ஸ்டேஷனுக்கு ஒண்ணு குடும்மா. ஆமா, மைக்ல ஒரு அம்மா பேசிக்கினு இருந்துச்சே, அது இப்ப எங்க கீது?"

அருள்மேரி டிக்கெட்டை எடுத்தாள்.

"அன்னிக்கு நானு ரெண்டாவது பிளாட்பாரத்துல கூடையோட நின்னுகினு இருந்தேன். அது கேட்டுச்சு பாரு, மனசே பேஜாராப் போச்சு. அது எந்த ரூம்ல கீதுன்னும் தெர்ல. அன்னிலேர்ந்து யாரையாவது கேக்கணும்னு கீறேன். அது சாப்ட்டுச்சாம்மா?"

மெஷினுக்குள் போன கை அப்படியே நின்றது. பக்கத்து ஜன்னலில் இருந்த எனக்கு அந்த மூச்சு கேட்டது.

"இன்னும் இல்லைம்மா" என்றாள் அருள்மேரி.

அந்த அம்மா கூடையைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து, ஜன்னல் ஓட்டை வழியாக உள்ளே எட்டிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் முகத்தையே பார்த்தாள்.

"நீதானா அது? மணி இன்னா ஆவுது, இன்னும் துன்னாம கீற? போ, போய்த் துன்னுட்டு வா. டிக்கெட்டு அப்பால குடுப்ப, நான் நிக்கிறேன்."

பின்னால் நின்றவர்கள் கத்தினார்கள். அந்த அம்மா திரும்பி அவர்களை ஒரு வாங்கு வாங்கினாள். அருள்மேரி கவுண்டர் பலகையை, மூடியிருக்கிறது என்ற பக்கம் தெரியும்படி திருப்பி வைத்தாள். டப்பாவைத் திறந்து, ஆறிப்போன எலுமிச்சை சாதத்தை, ஜன்னலைப் பார்த்தபடியே, அழுதுகொண்டே சாப்பிட்டாள்.