கடன் பாதிக்கு இறங்கட்டும்

என் சித்தப்பாவின் மூத்த மகளுக்கு மூன்று பெண்கள். நடுவில் பிறந்தவளைக் குடும்பத்தில் எல்லோரும் கெட்டி என்றுதான் கூப்பிடுவோம். சின்ன வயதில் மூன்று பேருக்கும் மிட்டாய் கொடுத்தால், அக்காவும் தங்கையும் தின்றுவிட்டு விரலைச் சப்பிக்கொண்டிருக்கும்போது இவள் பாதியைத் தாளில் சுருட்டி வைத்திருப்பாள். அப்படி வந்த பெயர். எனக்கு மகள் முறை. என்னைப் பெரியம்மா என்பாள்.

அவள் வீட்டுக்காரர் லிப்ட் மெக்கானிக். அவருடைய அம்மாவுக்கும் என் கொழுந்தன் பெண்டாட்டிக்கும் ஒரு வழியில் உறவு உண்டு. அதை விரித்தால் இந்தக் கதை நகராது. நாங்கள் அவரை மாப்பிள்ளை என்போம். வாயைத் திறந்தால் கேலிதான் வரும். "ஊரையே மேல ஏத்தி விடுறேன் அத்தை, நான் மட்டும் கீழேயே நிக்கிறேன்" என்பார்.

வாடகை வீடு மாறி மாறிச் சலித்துப்போய், இனி மூட்டை கட்டுவதில்லை என்று இருவரும் முடிவு செய்து, வங்கியில் கடன் வாங்கி ஒரு வீடு வாங்கினார்கள். முன் அறை ஒன்று, பின் அறை ஒன்று, சமையலறை, நின்று குளிக்கிற அளவுக்கு ஒரு குளியலறை. பத்திரம் வங்கியில் அடமானம். சாவி மட்டும் இவர்கள் கையில்.

முதல் தவணை போன மாதமே கெட்டிக்குப் புரிந்துவிட்டது. மாப்பிள்ளை சம்பளமும், பள்ளிக்கூடச் சமையலறையில் பாத்திரம் கழுவி அவள் வாங்குகிற சம்பளமும் சேர்ந்தால் தவணையைக் கட்டலாம், சாப்பிடலாம், அதோடு சரி. இப்படியே போனால் கடன் முடிகிறபோது இருவருக்கும் பல் இருக்காது. சீக்கிரம் முடிக்க வேண்டுமென்றால் தவணைக்கு மேலும் கட்ட வேண்டும்.

அன்றிலிருந்து கை இறுகியது. கடைக்குப் போகும்போது அந்த வாரத்துக்கான பணத்தை மட்டும் எடுத்துப்போவாள். கல்லாவில் கணக்குக் கூடிவிட்டால் வெட்கப்படாமல் ஒவ்வொன்றாகத் திருப்பி வைப்பாள். குளிக்கிற சோப்பை வாங்கின அன்றே மூன்று துண்டாக நறுக்கிவிடுவாள். பற்பசைக் குழாயைக் கத்தரித்து உள்ளே வழிப்பாள். ஒருமுறை அவள் நாத்தனார் வந்து இரண்டு நாள் தங்கிவிட்டு, "இந்த வீட்டுக்கு எறும்பு வந்தா அதுவே கொண்டுவந்து சாப்பிடணும் போல" என்று சொல்லிவிட்டுப் போனாள். கெட்டி அதற்குக் கோபப்படவில்லை. "வந்த எறும்பு வாடகை குடுத்தா நல்லாருக்கும்" என்றாள்.

சொன்னபடியே முன் அறையை வாடகைக்கும் விட்டாள். வந்தவள் ஒரு நர்ஸ். இரவு முறை முடித்து வந்து பகலெல்லாம் தூங்குவாள். அவள் தூங்குகிறாள் என்று இவர்கள் சொந்த வீட்டில் திருடர்களைப் போல நடந்தார்கள். பாத்திரத்தைத் துணி விரித்து அதன்மேல் வைப்பார்கள். மாப்பிள்ளைக்குத் தும்மல் வந்தால் குளியலறைக்குள் ஓடித் தும்முவார்.

அதுவும் போதாமல் சனி ஞாயிறுகளில் ஓர் அலுவலகத்தைச் சுத்தம் செய்கிற வேலையை எடுத்தார்கள். மாப்பிள்ளை தரை துடைப்பார், கெட்டி மேஜை, கண்ணாடி, கழிவறை. நர்ஸ் தருகிற வாடகை, அலுவலகத்தில் வருகிற கூலி, கடையில் மிச்சம் பிடித்தது, எல்லாம் சேர்த்து மாதா மாதம் வங்கிக்குப் போனது. கவுண்டரில் தவணையைக் கொடுத்துவிட்டு, "இதையும் சேர்த்துக் கட்டிக்குங்க" என்பாள். அவ்வளவுதான் பேச்சு. எப்போதாவது, "கணக்கு சரியா இருக்கா?" என்று கேட்டால், "உங்களுக்கென்னம்மா, ஒரு பாக்கியும் இல்ல, முன்னாடியே போயிட்டிருக்கு" என்பார்கள். அவளுக்குப் பூரிப்பாக இருக்கும்.

வருஷங்கள் ஓடின. லிப்ட் குழிக்குள் இறங்கி ஏறி மாப்பிள்ளையின் முட்டி தேய்ந்துபோயிருந்தது. சனிக்கிழமை துடைப்பானை ஊன்றிக்கொண்டு நிற்பதைப் பார்த்தால், துடைக்கிறாரா சாய்ந்திருக்கிறாரா என்று தெரியாது. டாக்டர் முட்டிக்கு ஓய்வு கொடுக்கச் சொல்லிவிட்டார்.

"கடன் பாதிக்கு இறங்கட்டும். இறங்கின அன்னிக்கே சனி ஞாயிறு வேலைய நீங்க விட்டுடலாம்" என்று கெட்டி வாக்குக் கொடுத்திருந்தாள்.

"பாதி எப்போ வரும்?"

"வந்திருக்கும்னு நெனைக்கிறேன். போய்க் கேட்டுட்டு வர்றேன்."

பள்ளிக்கூடத்தில் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு வங்கிக்குப் போனாள். வழக்கமான ஆள் இல்லை. புதிதாக வந்த ஒரு பெண் கணினியைப் பார்த்துவிட்டு, "அசல் கொஞ்சம்தாம்மா குறைஞ்சிருக்கு" என்றாள்.

"சரியாப் பாருங்க. நான் மாசா மாசம் கூடக் கட்டியிருக்கேன்."

"கட்டியிருக்கீங்க. அதெல்லாம் வரப்போற தவணைக்கு அட்வான்ஸா வரவு வச்சிருக்காங்க. கிட்டத்தட்ட ரெண்டு வருஷத்துக்கு நீங்க தவணையே கட்ட வேண்டாம்."

"அப்போ அசல்?"

"அசல்ல கழிக்கணும்னா நீங்க சொல்லியிருக்கணும்."

"சொல்லணும்னு எனக்கு யார் சொன்னாங்க?"

எங்கள் குடும்பத்தில் அதுவரை யாரும் வங்கிக் கடன் வாங்கியதில்லை. மாமனிடமும் மச்சானிடமும் வாங்கிப் பழகியவர்கள். அங்கே ஒரு ரூபாய் கூடுதலாகக் கொடுத்தால் கடனில் ஒரு ரூபாய் குறையும், அதைச் சொல்லவா வேண்டும்? அதே நினைப்பில் இவள் கட்டியிருக்கிறாள். பணம் அங்கே சும்மா கிடந்திருக்கிறது; வட்டி மட்டும் முழு அசலுக்கும் ஓடியிருக்கிறது.

"இப்போ சொன்னா கழிப்பீங்களா?"

"இன்னிக்கே கழிச்சுடலாம். ஆனா அடுத்த மாசத்துலேருந்து பழையபடி தவணை வரும். கழிச்சாலும் பாதிக்கு வராதும்மா, இன்னும் தள்ளித்தான் நிக்கும்."

யோசித்துச் சொல்கிறேன் என்று வெளியே வந்தவள், பேருந்துக்குக் காசு இருந்தும் நடந்தே வீட்டுக்குப் போயிருக்கிறாள். பழக்கம்.

வலியால் அன்று வேலைக்குப் போகாத மாப்பிள்ளை முட்டியில் வெந்நீர்ப் பையை வைத்துக்கொண்டு பின் அறையில் உட்கார்ந்திருந்தார். நர்ஸ் தூங்குகிற நேரம் என்பதால் எல்லாவற்றையும் குசுகுசுவென்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. ஏமாந்த அழுகையைக்கூடக் குரல் வராமல் அழுதாள்.

அவர் வெந்நீர்ப் பையை மறுபக்கம் திருப்பி வைத்தார். பிறகு, "சோப்பை மூணா வெட்டி மிச்சம் பிடிச்ச காசு, பேங்க்ல உக்காந்து காத்து வாங்கிட்டு இருந்திருக்கு" என்றார்.

"சிரிக்காதீங்க. எனக்கு வயிறு எரியுது."

"சிரிக்கலடி. ரெண்டு வருஷம் தவணை இல்லேங்குறாங்க. நாம ரெண்டு பேரும் கால நீட்டி உக்காரலாமே?"

"உக்காந்தா வட்டி உக்காராதே. அசல்ல கழிச்சாத்தான் கடன் சீக்கிரம் முடியும்."

"அப்போ நான் இன்னும் துடைக்கணும்."

அவள் அவர் முட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். அது பக்கத்துக் காலைவிட வீங்கி, பளபளவென்று இருந்ததாம். "அந்தக் காலைப் பாத்துக்கிட்டே எப்படி பெரியம்மா அசல்னு சொல்றது?" என்று பிறகு என்னிடம் கேட்டாள்.

மறுநாள் வங்கிக்குப் போய், "பாதியை அசல்ல கழிங்க, பாதியைத் தவணைக்கே விட்டுடுங்க" என்றாள். அப்படிச் செய்யலாமா என்று அந்தப் பெண் உள்ளே போய்க் கேட்டு வந்து, செய்து கொடுத்தாள். இனித் தவணைக்கு மேலே கட்டுகிற ஒவ்வொரு ரூபாயும் அசலுக்குத்தான் என்று இரண்டு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள் கெட்டி. ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவான காலம் தவணை கட்ட வேண்டியதில்லை. அந்தத் தெம்பில் மாப்பிள்ளை சனி ஞாயிறு வேலையை விட்டார். கெட்டி விடவில்லை. அவருடைய பங்கையும் தானே பார்த்துக்கொள்வதாக அலுவலகத்தில் சொல்லிவிட்டாள்.

முதல் சனிக்கிழமை மாப்பிள்ளைக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. முன் அறையில் தூங்குகிறவளுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார முடியும்? நொண்டிக்கொண்டே அலுவலகத்துக்குப் போய்விட்டார். கெட்டி திட்டினாள். துடைப்பானைத் தொடக்கூடாது என்று மேனேஜரின் சுழல் நாற்காலியில் உட்கார வைத்தாள். அவர் அதில் சாய்ந்து, "என்னம்மா, அந்த மூலையில அழுக்கு தெரியுது பாரு" என்று மேனேஜர் குரலில் அதிகாரம் செய்தார்.

"வாய மூடிட்டு காலைத் தூக்குங்க."

அவர் நல்ல காலை எளிதாகத் தூக்கினார். வீங்கின காலை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினார். அவள் குனிந்து நாற்காலிக்கு அடியில் துடைத்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல நிமிர்ந்து, வாளியை அடுத்த மேஜைக்குத் தள்ளினாள்.