நோரா சொன்ன கடத்தல்காரனும் அம்மாவின் சிவப்புப் பாவாடையும்

அம்மாவின் கையில் எந்நேரமும் "வரெக்கீனா" நெடி அடிக்கும். தரை வெளுக்கும் அந்தத் திராவகத்தின் மணத்தோடுதான், தொண்ணூறுகளின் ஒரு கோடை விடுமுறையில், அயர்லாந்துக் கடத்தல்காரன் ஒருவன் என் மனதுக்குள் குடிவந்தான். வியா மக்வேதா வீதிக்குப் பின்னால் அம்மா துப்புரவு வேலை செய்த வீட்டின் எசமானி சிஞ்ஞோரா நோரா, அயர்லாந்தில் பிறந்து, நாங்கள் இருந்த இத்தாலியின் பலெர்மோவில் வாழ்க்கைப்பட்டவர். அம்மா வேலை முடிக்கும்வரை என்னைப் பக்கத்தில் இருத்தித் தன் ஊர்க் கதை சொல்வார்.

முன்னொரு காலத்தில் டொனல் என்பவன் படகில் பிராந்தியும் புகையிலையும் கடத்தி வருவானாம். கரையில் சுங்கக்காரர் பதுங்கியிருந்தால் அவன் மனைவி கொடியில் சிவப்புப் பாவாடையைக் காயப்போடுவாளாம்; அதைக் கண்டதும் படகு திரும்பிவிடுமாம். மழை நாளில் என்ன செய்வாள், அவளிடம் வேறு பாவாடை இல்லையா என்று நான் கேட்டுக் குடைவேன்.

அம்மாவிடம் சொன்னபோது முகம் சுளித்தார். "தெருவால போறவைக்கு உள்பாவாடையைக் காட்டுறவளும் ஒரு பொம்பிளையோ?" எங்கள் வீட்டில் அதைத் துவாய்க்கு அடியில் மறைத்துத்தான் காயப்போடுவது வழக்கம்.

அப்பாவிடம் "பெர்மெஸ்ஸோ", அதாவது வதிவிட அனுமதி, இருக்கவில்லை. பிடிபட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று எனக்கும் தெரியும். நாங்கள் குடியிருந்த போர்கோ வெக்கியோவில், தெருமுனையில் பொலிஸ் நின்று பேப்பர் கேட்கும் நாட்களில் வீட்டில் சோறு இறங்காது. அப்படியொரு மதியம், அம்மாவின் சிவப்பு உள்பாவாடை பல்கனியில் தெருவைப் பார்த்தபடி ஆடியது. தொட்டுப் பார்த்தேன், ஈரமே இல்லை.

"அம்மா, இது தோய்க்கவே இல்லையே?"

"வாயை மூடிக்கொண்டு உள்ளை வா."

பொலிஸ் போய், அம்மா பாவாடையை எடுத்த பிறகுதான் அப்பா வீடு வந்தார். அதன் பிறகு பொலிஸ் நின்ற நாளெல்லாம் அது தொங்கியது.

கோடை முடியுமுன் ஒருநாள், நோரா வீட்டிலிருந்து நாங்கள் திரும்பும்போது தெருமுனையில் பொலிஸ் நின்றது. அப்பா வேலை முடிந்து வரும் நேரம். எங்கள் பல்கனியோ வெறுமையாக இருந்தது. அம்மா என் கையை நசுக்கிவிட்டார். எனக்குப் பயத்தில் அழுகை வந்தது. அண்ணாந்து பார்த்தால், கீழ்வீட்டுப் பல்கனியில் ஒரு சிவப்பு மேசைவிரிப்பு தொங்கியது. எங்கள் உடுப்பின் தண்ணீர் தன் பல்கனியில் சொட்டுகிறதென்று நாள் தவறாமல் சண்டை பிடிக்கும் கீழ்வீட்டு மனுசி, எங்களைக் காணாதவர் போல அதனருகே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அப்பா பொழுதுபட்ட பிறகு பத்திரமாக வந்து சேர்ந்தார்.

கீழ்வீட்டு மனுசிக்கு யார் சொன்னது? அம்மா சொல்லியிருக்க மாட்டார். எங்கள் உடுப்பில் அந்தப் பாவாடை மட்டும் ஒருநாளும் சொட்டியதில்லை என்பதை அந்த மனுசி கவனித்திருக்க வேண்டும்.

பின்னர் அப்பாவுக்குப் பெர்மெஸ்ஸோ கிடைத்தது. நோரா இப்போது இல்லை. கீழ்வீட்டில் சுற்றுலாப் பயணிகள் வந்து தங்குகிறார்கள், அங்கே கொடிகூடக் கிடையாது. அப்பா மட்டும் தெருமுனை திரும்பும்போது இன்றும் முதலில் அந்தப் பல்கனியைத்தான் பார்க்கிறார்.