மிச்சத்துக்கு மூன்று தட்டு

நம் வீட்டில் ஒரு பருக்கை சோறுகூட வீணாகாது என்று பல வருஷம் பெருமையடித்துக்கொண்டு திரிந்தவன் நான். பிள்ளைகளா, அது எப்பேர்ப்பட்ட வெட்டிப் பெருமை என்று உங்களுக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நீங்களும் அப்போது அந்த வீட்டில்தான் இருந்தீர்கள். ஆனால் மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு ஆறு. எல்லாம் நினைவிருக்காது.

தொண்ணூறுகளின் கடைசி. செல்லூரில் ஒரு சந்துக்குள் குடியிருந்தோம். ஓர் அறை, ஓர் அடுப்படி. நான் பக்கத்துத் தெருவில் விசைத்தறியில் துண்டு ஓட்டிக்கொண்டிருந்தேன். அந்தச் சத்தத்தில் எதையும் கத்தித்தான் பேச வேண்டும். ஒருநாள் அடுத்த தறிக்காரர், வீட்டில் தினமும் குழம்பு மிஞ்சிச் சாக்கடைக்குப் போகிறது என்று அலுத்துக்கொண்டார்.

"எங்க வீட்ல அந்தப் பேச்சே கெடையாதுண்ணே. சட்டி கழுவுனாப்புல இருக்கும்," என்று கத்தினேன்.

"அம்புட்டையும் யாரு மாப்ள திங்கிறது? பூனை வளக்குறியா?"

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அந்த வருஷம் உங்கள் அம்மாவுக்குக் கால் பெருவிரலில் ஒரு புண் வந்து, ஆறவே இல்லை. மஞ்சள் அரைத்துப் போட்டாள், களிம்பு தடவினாள். ஒரு மாதமாகியும் காயவில்லை. ஒரு காலையில் தலைசுற்றி அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். தெருமுனை டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, "சுகர் நெறைய இருக்கு. இப்படியே விட்டா விரலையே எடுக்க வேண்டி வரும்," என்றார்.

"காலையில என்னம்மா சாப்பிடுவீங்க?" என்று அம்மாவிடம் கேட்டார்.

"இருக்கிறதச் சாப்பிடுவேன் டாக்டர்."

"இருக்கிறதுன்னா?"

அம்மா என்னை ஒருமுறை பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். "ராத்திரிச் சோறு இருக்கும். இவுக பல நாளு சாப்பிடாமப் படுத்துருவாக. பிள்ளைக டிபன் பாக்ஸ்ல மிச்சம் கொண்டாருவாக. கொட்ட மனசு வராது. எல்லாத்தையும் சேத்துக்குவேன்."

"பசிச்சா சாப்பிடுவீங்களா, பசிக்காட்டியுமா?"

"பசிக்கு என்ன டாக்டர்? சட்டி காலியாகணும்ல."

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். "இனிமே இவங்க அளவாத்தான் சாப்பிடணும். மிச்சத்தைத் தீக்கிற வேலை இவங்களுக்கு வேணாம்." கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு இன்னும் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும். நாம் எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு அவள் என்ன சாப்பிடுகிறாள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

மறுநாள் காலை பின்வாசல் சாக்கடையோரம் அவள் சோற்றுச் சட்டியோடு நின்றாள்.

"என்னங்க, கொட்டுறதுக்குக் கை வர மாட்டேங்குது."

சட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். ஓர் ஆள் வயிறாரச் சாப்பிடும் சோறு. பக்கத்தில் உங்கள் டிபன் பாக்ஸ் மிச்சம் வேறு, ஒரு கிண்ணத்தில்.

"இம்புட்டா?"

"தினமும் இம்புட்டுத்தான்."

சட்டியை வாங்கி, இரண்டு வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு அந்தச் சோற்றை நானே சாப்பிட்டேன். அன்று சாயங்காலம் எல்லோரும் உட்கார்ந்து பேசினோம். அம்மா அரிசியை அதிகமாகப் போடுகிறாள் என்றுதான் நான் ஆரம்பித்தேன். அவள் விடவில்லை.

"நீங்க பசியோட வருவீகளா, வயித்த ரொப்பிக்கிட்டு வருவீகளான்னு நான் சோசியமா பாக்க முடியும்?"

உண்மைதான். வேலை முடிந்து வரும் வழியில் கூட்டாளிகளோடு புரோட்டாக் கடையில் நின்றுவிடுவேன். சால்னாவில் ஊறிய நாலு புரோட்டாவை முடித்துவிட்டு, வீட்டுக்கு வந்து "வேணாம்" என்பேன். அந்த ஒரு வார்த்தை ஒரு தட்டுச் சோறு. ஆக, வீட்டிலேயே பெரிய மிச்சக்காரன் நான்தான்.

மகள் தன் பங்கைச் சொன்னாள். "பாக்ஸு பெருசுப்பா. எனக்கு அம்புட்டு வேணாம்."

மகன், "எனக்கு மூடியத் தொறக்கவே நேரமில்லப்பா," என்றான்.

"விளையாட மட்டும் நேரமிருக்காக்கும்?" என்றாள் அம்மா. புண் வந்தபின் அன்றுதான் அவள் சிரித்தாள்.

மகளுக்குச் சின்ன டப்பா வந்தது. உலையில் அரிசி போடுமுன் யாருக்கு எவ்வளவு என்று அம்மா கேட்க ஆரம்பித்தாள். மிஞ்சிய குழம்பை மறுநாள் சுண்டவைத்தோம். புரோட்டா சாப்பிடுவதென்றால் காலையிலேயே சொல்லிவிட்டுத்தான் நான் கிளம்ப வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை சொல்லாமல் சாப்பிட்டுவிட்டு வந்தேன். "நீங்க காலையில சொல்லலையேப்பா," என்று மகள் தட்டை வைத்துவிட்டாள். புரோட்டாவுக்கு மேல் சோற்றையும் தின்று, படுக்க முடியாமல் தவித்தேன். அதற்குப் பிறகு காலையில் சொல்ல மறந்ததே இல்லை.

அப்படியும் சில நாள் சோறு மிஞ்சும். அதற்குத் தண்ணீர் ஊற்றிவைத்து, காலையில் மூன்று தட்டில் பிரிக்கச் சொன்னேன். எனக்கும் உங்கள் இருவருக்கும் ஆளுக்கு இரண்டு கை. அம்மா முதலில் ஒத்துக்கொள்ளவில்லை.

"வேலைக்குப் போற ஆம்பளைக்குப் பழசையா வைக்கிறது? அக்கம்பக்கத்துல என்ன சொல்லுவாக?"

"சொல்லட்டும். உனக்குத் தோசை ஊத்திக்க. டாக்டரம்மா சொன்ன கணக்கு, ரெண்டு."

தோசையைத் தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தவள், தண்ணீர் எடுக்க, உப்பு எடுக்க என்று எழுந்துகொண்டே இருந்தாள். மகள் சேலையைப் பிடித்து இழுத்து, "உக்காரும்மா," என்றாள். மகன் முகத்தைச் சுளித்துக்கொண்டே பழையதை விழுங்கினான். அம்மா ஒரு வாய் எடுத்து வைத்துவிட்டு, "சூடா இருக்கு," என்றாள், ஏதோ புதுச் செய்தி மாதிரி.

மருந்தும் அளவுச் சாப்பாடுமாக, புண் ஆற இரண்டு மாதத்துக்கு மேலானது. விரலை எடுக்க வேண்டியிருக்கவில்லை. அதற்கு டாக்டரம்மாவை நான் நினைக்காத நாளில்லை. முகத்தைச் சுளித்தாலும் தட்டைக் காலி செய்த உங்கள் இருவருக்கும் நான் அப்போது நன்றி சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். கால் கட்டைப் பிரித்த அன்று அம்மா செருப்பைப் போட்டுக்கொண்டு, சந்தில் எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். "மெதுவாப் போ," என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லாமல் பின்னாலேயே நடந்தேன்.