திரையில் ஒளிர்ந்த விரல்கள்

சென்ற மாரியில், வவுனியாவில் ஒரு மருத்துவமனை அறையில், என் அக்காவின் வெந்த கை கணினித் திரையில் வெள்ளையாய் ஒளிர்வதைப் பார்த்த அந்த நிமிடத்தில்தான் எனக்கு அது தோன்றியது: இந்தக் கமராவை நாமே செய்துபார்த்தால் என்ன?

அக்கா திருமணமாகி நாயாறு என்ற மீனவக் கிராமத்தில் இருக்கிறார். இறால் அவித்த பானை சரிந்து, கொதிநீர் வலது கையில் கொட்டிவிட்டது. அத்தான் பதறிப்போய், வீட்டில் எப்போதும் இருக்கும் ஊதா மருந்தைக் கை முழுக்கப் பூசிவிட்டார். மீன் முள் குத்தினாலும் வலைக்கயிறு அறுத்தாலும் அங்கே அதுதான் வைத்தியம்.

ஆனால் தீக்காயத்தின் ஆழத்தைத் தோலின் நிறத்தை வைத்துத்தான் பெரும்பாலும் கணிப்பார்களாம். கழுவியும் போகாத ஊதாவுக்குள் எது உயிருள்ள தோல், எது செத்தது என்று வார்டில் ஒருவராலும் சொல்ல முடியவில்லை. விரல்களுக்கும் வேறு தோல் ஒட்ட வேண்டி வரலாம், பிறகு அவை மடங்குவது சந்தேகம் என்றார்கள்.

"விரல் மடங்காட்டில் நான் என்னெண்டு கிழிஞ்ச வலையைப் பொத்துறது?" அக்கா அதையே திரும்பத் திரும்பக் கேட்டார்.

கொழும்பிலிருந்து சில நாட்களுக்கு வந்திருந்த இளம் பெண் மருத்துவர் ஒருவர் எட்டிப் பார்த்தார். "ஆர் இதுக்குப் பெயின்ற் அடிச்சது?"

"நான்தான் டொக்டர்." அத்தான் தலையைக் குனிந்தார்.

"வள்ளத்துக்கும் மிச்சம் வச்சிருக்கிறியளோ?"

அழுதுகொண்டிருந்த அக்காவே சிரித்துவிட்டார்.

கொழும்புக்குத் திரும்புவதற்காகப் பெட்டியில் கட்டி வைத்திருந்த தன் கமராவை அவர் எங்களுக்காக மறுபடி வெளியே எடுத்தார். மற்றக் கையின் நாளத்தில் பச்சைச் சாயம் ஒன்றை ஏற்றினார். இரத்தம் ஓடும் இடமெல்லாம் அதுவும் ஓடும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் மின்னும்; அந்தக் கமராவுக்கு மட்டும் அது தெரியும். மேலே பூசிய ஊதாவால் அதை மறைக்க முடியாது.

திரை முதலில் ஒரே இருட்டு. பிறகு மணிக்கட்டு வெளுத்தது. அப்புறம் ஒவ்வொரு விரலாக, நுனிவரை. புறங்கையில் ஒரு பிஸ்கற் அளவு மட்டும் கறுப்பாகவே நின்றது.

"உந்தத் துண்டு மட்டும்தான் செத்துப்போட்டுது. விரலுக்கு ஒண்டுமில்லை, அக்கா" என்றார் மருத்துவர்.

அத்தான் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

அந்தத் துண்டுக்கு மட்டும் தோல் ஒட்டினார்கள். அக்கா இப்போது வலை பொத்துகிறார், முன்பைவிடக் கொஞ்சம் மெதுவாக.

நான் பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படிக்கிறேன். பழைய கைபேசி ஒன்றின் கமராவிலிருந்து, அகச்சிவப்பை மறிக்கும் சின்னக் கண்ணாடியைக் கழற்றிவிட்டேன். அதற்கு முன் இரண்டு கமராக்களை உடைத்ததும் உண்மை. மனிதக் கைவரை போக அனுமதி, சோதனை என்று எவ்வளவோ தூரம் இருக்கிறது. பெயர்கூடக் கேட்க மறந்துபோன அந்த மருத்துவருக்கு நான் சொல்ல நினைக்கும் நன்றி, இப்போதைக்கு, வருகிற சனிக்கிழமை ஸ்பிரிற்றில் ஊறவைத்த முருங்கையிலைச் சாறு, அந்தச் சாயத்தைப் போல, என் கமராவில் ஒளிர்கிறதா என்று பார்ப்பதில் தொடங்குகிறது.